வெள்ளிவிழா ஆட்டத்தின் இரண்டாம் பாதி

சேசு மரி சூசை துணை

மருதங்கரை
12-12-1973

அன்புத் தங்கை அமலோற்பவத்துக்கு அண்ணன் பெரியநாயகசாமி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அண்ணி இருதயம்மாளுக்கு மூட்டு வலி. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலி. மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமா? பிலாயில் பல் தந்தியடிக்கிற குளிர் என்று எழுதியிருந்தாய். இங்கே அந்தத் தொந்தரவு இல்லை, கொசு உண்டு.

விசேஷம் என்னவென்றால், நம் ஹைஸ்கூல் கூடைப்பந்துக் கோப்பை வாங்கி, வருகிற வருடத்தோடு இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. மருதங்கரையில் நெல்லுக்கு அடுத்தபடி விளைந்தது அந்த ஒரு கோப்பைதான் என்பது உனக்குத் தெரியும். புதிதாக வருகிற ஹெட்மாஸ்டர் முதலில் அதைத் தரிசித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார். ஒரு பையன் ஆறடி வளர்ந்தால் கோப்பை வாங்கிய ஊர்த் தண்ணீர் என்கிறார்கள். குட்டையாக நின்றுவிட்டால் அம்மா வழி என்கிறார்கள்.

அன்றைய கேப்டன், மிராசுதார் சாரங்கபாணிதான் இன்றைக்கு ஊரில் பாதி. அந்தப் பாதியில் ஒரு அரிசி மில். அந்த மில்லில் ஒரு மூலையில் கணக்கு எழுத நான். கதர்த் துண்டு கிடந்த அவர் தோளில் ஆட்சி மாறியதிலிருந்து கறுப்பு சிவப்புக் கரை. துண்டு மாறினாலும் தோள் அதேதான். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "யோவ் கணக்கு, வெள்ளிவிழா எடுக்கணும்யா. பழைய டீமும் இப்ப இருக்கிற ஸ்கூல் பசங்களும் மோதணும்" என்றார். பிப்ரவரி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆட்டக்காரர்களுக்குச் சால்வை. உன் அண்ணனுக்கும் உண்டு.

ஒரே சிக்கல், காத்தான். டீமிலேயே பெரிய ஆட்டக்காரன் அவன். இப்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவன். தை அறுப்புக்குக் கூலி நெல் கூட்டிக் கேட்கிறார்கள். வெளியூர் ஆள் இறக்குவேன் என்கிறார் இவர். இறக்கிப் பார் என்கிறான் அவன். ஒரு காலத்தில் ஒருவர் கண் காட்டினால் மற்றவர் கைக்குப் பந்து போகும்.

நீ குடும்பத்தோடு வரவேண்டும். ரயில் செலவைப் பார்க்காதே.

அன்புள்ள அண்ணன்,
பெரியநாயகசாமி

*

பிலாய்
2-1-1974

என்றும் பாசம் மாறாத அண்ணன் அவர்களுக்குத் தங்கை அமலோற்பவம் எழுதியது. உங்களுக்கும் அண்ணிக்கும் எங்கள் எல்லோருடைய புது வருட ஸ்தோத்திரம். அண்ணிக்கு மூட்டில் பூச ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

எங்களால் வர முடியாது அண்ணன். அவங்களுக்கு லீவு இல்லை. அவங்களுக்குத்தான் அதிக வருத்தம். பெண் பார்க்க வந்தபோது அம்மா காபியைக் கொடுப்பதற்கு முன்னாலேயே "பெண்ணோட அண்ணன் கப் ஃபைனல்ல கூடை போட்டவன்" என்று சொல்லிவிட்டார்களாம். காபி ஆறிப்போயிருந்தும் சம்மதித்தேன் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாங்க. சின்னவன் இங்கே ஸ்டீல் பிளான்ட் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறான். மாமா சாம்பியன் என்று மாஸ்டரிடம் சொல்லித்தான் டீமில் இடம் வாங்கியிருக்கிறான்.

கோப்பை வந்தபோது எனக்கு ஏழு வயது. நினைவில் இருப்பது ஜீப் ஊர்வலம் மட்டும்தான். தேரோடும் வீதி முனையில் காத்தான் ஜீப்பை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு சுற்றி நடந்து, வீதி முடிகிற இடத்தில் மறுபடி ஏறிக்கொண்டாரே. ஏன் அண்ணன் என்று கேட்டேன். அவனுக்கு நடக்கப் பிடிக்கும் என்று சொன்னீர்கள். நான் நம்பினேன்.

அவரை எப்படியாவது விழாவுக்கு வரவழையுங்கள். அவர் இல்லாத வெள்ளிவிழா என்ன வெள்ளிவிழா.

தங்கை,
அமலோற்பவம்

*

சேசு மரி சூசை துணை

மருதங்கரை
23-1-1974

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசீர்வாதம். இங்கே சுகம். அங்கே அனைவரும் சுகமாயிருக்க வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நேரில் போய் வேண்ட பஸ்ஸில் இடமில்லை.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். உன் அண்ணன் ஒரு சமூகப் புரட்சி செய்திருக்கிறான் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

"வாய்க்கால் கரையில நின்னு ஒரு சத்தம் குடுத்துட்டு வந்துடு" என்றுதான் மிராசுதார் சொன்னார். அவர்கள் தெருவுக்கு அழைப்பு என்றால் அதுதானே வழக்கம். கல்யாணமோ காரியமோ, இக்கரையிலிருந்து கூவுவதோடு சரி. நான் யோசித்தேன். செபஸ்தியார் திருநாள் அன்று, ஞாயிறு சாயங்காலம், கோயில் முடிந்ததும் அண்ணியின் பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்து, பாலத்தைத் தாண்டி நேராக காத்தான் வீட்டுக்கே போய்விட்டேன். தெருவே வாசலுக்கு வந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை, அதற்கும் ஆச்சரியம்.

காத்தான் வெளியே வந்து தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தான்.

"கணக்கப்புள்ள, இந்தத் தெருவுக்கு இதுவரைக்கும் யாரும் தட்டு எடுத்து வந்ததில்ல."

"வந்துட்டேன்ல. எடுத்துக்க."

"எடுத்துட்டா வந்துதான் ஆகணும். எது எப்படி இருந்தாலும்."

"அதுக்குத்தானே கொண்டாந்தேன்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் பெண்சாதி ராமாயி காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். வெகுநேரம் பழைய கதை பேசினோம். டிரில் மாஸ்டர் வேதநாயகம் சார் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுச் சொன்னதை அவன் அப்படியே சொல்லிக் காட்டினான்: "கோட்டுக்குள்ள எல்லாருக்கும் பேர் மட்டும்தான். ஐயா, ஆண்டை எல்லாம் கோட்டுக்கு வெளியில வச்சுட்டு வாங்கடா." அதனால்தான் மைதானத்துக்குள் இருக்கிறவரை அவன் சாரங்கபாணியை 'டேய் சாரங்கா' என்பான். கோட்டைத் தாண்டியதும் வாயைப் பொத்திக்கொள்வான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் மிராசுதார் களத்துப் பக்கம் வைக்கோல்போர் பற்றி எரிகிறது என்று சத்தம். நாங்கள் வாசலில் நின்று புகையைப் பார்த்தோம். "எவன் பீடியோ" என்றான் காத்தான். அவ்வளவுதான்.

வரமாட்டான் என்று பந்தயம் கட்டிய நம் பழைய டீம் ஹாஜா மைதீன் தன் ஜவுளிக்கடையிலிருந்து எனக்கு ஒரு கைத்தறி வேட்டி தரவேண்டும். இன்னும் தரவில்லை.

அண்ணன்,
பெரியநாயகசாமி

*

சேசு மரி சூசை துணை

மருதங்கரை
5-2-1974

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. எனக்குத் தலை முதல் கால் வரை வலி. ஆனால் சாம்பியன் வலி. அண்ணி எண்ணெய் போட்டு நீவுகிறாள், திட்டிக்கொண்டே. நீங்கள் அனைவரும் நலமா?

ஆட்டம் நடந்தது. மருதங்கரையே மைதானத்தில். முன் வரிசையில் தாசில்தார், அவர் பக்கத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர், அவர் பக்கத்தில் கோப்பை. மூன்றில் கோப்பைக்குத்தான் மாலை பெரியது. காத்தான் ஒரு வாரமாக ஊரில் இல்லை. தட்டு எடுத்தவன் வந்துவிடுவான் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். விசில் ஊதும் நேரத்துக்கு வாய்க்கால் பக்கமிருந்து ஈரக்காலோடு வந்து நின்றான். கூட்டம் எழுந்து கைதட்டியது.

தொடங்கினதுமே ஹாஜா மைதீனுக்கு முழங்கால் பிசகிவிட்டது. ஜவுளிக்கடையில் இருபது வருடம் சம்மணம் போட்ட கால் எத்தனை தாங்கும்? மிராசுதார் என்னைப் பார்த்து, "யோவ் கணக்கு, சட்டையைக் கழட்டு" என்றார். கழற்றினேன். சில பெண்கள் சிரித்தார்கள். முதல் பாதி முழுக்க ஓடினேன். பந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இரண்டாம் பாதியில் கேள். காத்தான் ரிங்குக்கு நேர் கீழே பந்தோடு நிற்கிறான். கண்ணை மூடிக்கொண்டு போடலாம். போடவில்லை. "டேய் பெரி" என்று கூப்பிட்டுவிட்டு எனக்காகக் காத்து நிற்கிறான். நான் மூச்சிரைக்க ஓடிப்போகிறேன். கைக்குழந்தையைக் கொடுப்பதுபோலப் பந்தை என் கையில் கொடுத்தான். எறிந்தேன். அது ரிங்கைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்து, கொஞ்சம் யோசித்து, உள்ளே இறங்கியது. அமலி, என் வாழ்நாளில் போட்ட முதல் கூடை. ஊர் கத்தின சத்தம் உனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

ஜெயித்தோம். விசில் ஊதினார்கள். பிறகு கூட்டம் கலைந்துவிட்டது. சால்வை பச்சை நிறம்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
பெரியநாயகசாமி

*

பிலாய்
20-2-1974

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு அமலோற்பவம் வணக்கம். உங்கள் உடம்பு வலி தேவலையா? இங்கே சுகம்.

உங்கள் கடிதத்தை அவங்க சத்தமாகப் படித்தாங்க. சின்னவன் கட்டில்மேல் ஏறிக் குதித்தான். பிறகு அவன்தான் கேட்டான்: "முதல் கூடைன்னா, மாமா கப் ஃபைனல்ல போட்டது?" மாமா அவசரத்தில் எழுதியிருப்பார் என்று சொன்னேன்.

அது கிடக்கட்டும். அவங்க ஸ்டேஷன் கடையில் வாங்கி வந்த பழைய தமிழ்ப் பேப்பரில் மூலையில் ஒரு செய்தி. 'மருதங்கரையில் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் கைது. பள்ளி மைதானத்தில் பிடிபட்டார்.' பெயர் காத்தான். தேதி மூன்று என்று போட்டிருக்கிறது.

அண்ணன், உங்கள் கடிதத்தில் சால்வையின் நிறம்கூட இருக்கிறது. இது இல்லை. என்ன நடந்தது?

தங்கை,
அமலோற்பவம்

*

மருதங்கரை
3-3-1974

அன்புத் தங்கைக்கு. உன் கடிதம் கிடைத்தது, பதில் போடத்தான் தாமதம்; இப்போதைக்கு இந்தக் கார்டு. இங்கே பருவம் தப்பி மழை. களத்தில் கிடந்த நெல் முளை விட்டுவிட்டது. மில்லில் வேலை அதிகம். அண்ணிக்கு மூட்டு வலி பரவாயில்லை, இப்போது முதுகு. தபஸ்கால ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். நீ கேட்டதற்கு விவரமாக எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

பெரியநாயகசாமி

*

பிலாய்
16-3-1974

அண்ணன் அவர்களுக்கு அமலோற்பவம் எழுதியது. சுகம். சுகம் அறிய ஆவல்.

உங்கள் கார்டில் மழை இருந்தது, முதுகு இருந்தது. காத்தான் இல்லை.

இங்கே டவுன்ஷிப்பில் திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர் லீவில் போய் வந்தார். அவர் சொன்னார்: மிராசுதார் களத்து வைக்கோல்போரைக் காத்தானே நின்று கொளுத்தினார் என்று கேஸாம். பார்த்த சாட்சி இரண்டு பேர், இரண்டும் மில் ஆட்கள். ஜாமீனும் இல்லையாம். கொளுத்திய நாள் ஜனவரி இருபது, ஞாயிறு சாயங்காலம்.

நான் உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. செபஸ்தியார் திருநாள் என்றைக்கு என்று எனக்குத் தெரியாதா? அன்று சாயங்காலம் அவர் வீட்டில் காபி குடித்தது யார், அண்ணன்?

இதை நீங்கள் யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? சொல்லியிருப்பீர்கள். அதை எனக்கு எழுத மறந்திருப்பீர்கள். அப்படித்தானே?

அமலோற்பவம்

*

சேசு மரி சூசை துணை

மருதங்கரை
13-4-1974

அன்புத் தங்கை அமலோற்பவத்துக்கு. நேற்று பெரிய வெள்ளி. இன்று வெளியே போக மனமில்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் சுகமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்கிற யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொய் சொன்னேன், புறணி பேசினேன் என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆகையால் மிச்சம் உனக்கு.

யாரிடமும் சொல்லவில்லை அமலி.

முதலில் சின்னவன் கேட்டதற்குப் பதில். நாற்பத்தொன்பதில் நான் டீமில் பன்னிரண்டாவது ஆள். ஒரு நிமிஷம்கூட இறங்கினதில்லை. மற்றவர்கள் சட்டையை மடித்து வைப்பதும், இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்குவதும் என் உத்தியோகம். கப் ஃபைனலில் நான் போட்டதாகச் சொன்ன கூடை ஹாஜா மைதீன் போட்டது. உனக்குச் சோறு ஊட்ட ஒரு தரம் மாற்றிச் சொன்னேன். நீ வாயைத் திறந்தாய். மறுநாளும் சொன்னேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு ஏற்றுமதி செய்துவிட்டாள். பிறகு ஊரும் என்னை மெல்ல மெல்ல சாம்பியனாக்கியது. நான் குறுக்கே நிற்கவில்லை.

இனி வெள்ளிவிழா. இடைவேளையில் சோடா குடிக்கப் பந்தலுக்குப் பின்னால் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் போலீஸ் வேன். இன்ஸ்பெக்டரும் மிராசுதாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இப்பவே தூக்கிடலாமா?" என்றார் இன்ஸ்பெக்டர். "தெருவுக்குள்ள போனா ஜனம் கூடிடும். இங்கதான் தனியா நிக்கிறான்."

"அவசரப்படாதீங்க சார்" என்றார் மிராசுதார். "ஆட்டம் முடியட்டும். அவன் இல்லாட்டி இந்தப் பொடிப் பசங்கள்ட்ட தோத்துடுவோம்."

நான் மைதானத்துக்குத் திரும்பினேன். காத்தான் புங்கமரத்தடியில் தனியாக உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வாய்க்கால். அதைத் தாண்டினால் வயல். வயலைத் தாண்டினால் அவன் தெரு. ஒரு வார்த்தை போதும்.

சொன்னால் அவன் போய்விடுவான். அவன் போனால் ஆட்டம் நின்றுவிடும். ஆட்டம் நின்றால் நான் மறுபடியும் பெஞ்சு. அமலி, பயத்தால் பேசவில்லை என்று எழுதத்தான் ஆசை. பயம் பிறகுதான் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது இரண்டாம் பாதி ஆட்டம்.

கூடை போட்டேன். விசில் ஊதினார்கள். கோட்டைத் தாண்டி அவன் வெளியே கால் வைத்ததும் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். அவன் பனியனோடு வேனில் ஏறினான். எனக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

ராமாயி மில் வாசலுக்கு வந்தாள். "அன்னைக்கு எங்க வீட்டுல காபி குடிச்சீங்கள்ல, ஐயா? அதை மட்டும் வந்து சொன்னாப் போதும்னு வக்கீல் சொல்றாரு." நான் "பார்க்கலாம்" என்றேன். அவள் திரும்பிப் போனாள். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தரம் வந்தாள். நான் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன்.

இதில் சிரிக்க ஒரு விஷயம் உண்டு. வாயைத் திறக்காதே என்று மிராசுதார் என்னை மிரட்டக்கூட இல்லை. நான் எந்த நாள் அழைக்கப் போனேன் என்று அவர் கேட்டதே இல்லை. பொய்க் கேஸுக்கு நாள் குறிக்கும்போது அங்கே ஒருவன் உட்கார்ந்து காபி குடித்தான் என்பது யார் நினைவிலும் வரவில்லை. பன்னிரண்டாவது ஆளை யார் எண்ணுகிறார்கள்?

ஆனித் திங்களில் விசாரணை. நான் போனால் மில் வேலை போய்விடும். நாற்பத்திரண்டு வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? நீயே சொல், நான் என்ன செய்ய?

அண்ணன்,
பெரியநாயகசாமி

*

பிலாய்
29-4-1974

அண்ணன் அவர்களுக்கு.

உயிர்ப்பு ஞாயிறு நன்றாகப் போனது. எல்லோரும் சுகம்.

என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டு எடுத்துக்கொண்டு போகும்போது என்னைக் கேட்கவில்லை. இதையும் கேட்க வேண்டாம்.

கடிதத்தை அவங்களிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாங்க. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, "காபி ஆறியிருந்தது நிஜம்" என்று மட்டும் சொன்னாங்க. சின்னவனிடம் நான் சொல்லவில்லை. என்ன சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

வேலை போனால் அண்ணியோடு இங்கே வாருங்கள். கஞ்சி இருக்கிறது. போகாவிட்டால் எனக்குக் கடிதம் வேண்டாம். மழையைப் பற்றி நான் ரேடியோவில் கேட்டுக்கொள்கிறேன்.

அமலோற்பவம்

*

சேசு மரி சூசை துணை

மருதங்கரை
9-7-1974

அன்புத் தங்கை அமலோற்பவத்துக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இத்தனை நாள் எழுதாததற்கு நீ போட்ட தடையுத்தரவுதான் காரணம். இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். நானும் அண்ணியும் சுகம். மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

போனேன். ஒரு வாரம் தூங்காமல், அண்ணியிடம்கூடச் சொல்லாமல் கோர்ட்டுக்குப் பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் ஹாஜா மைதீன். "கேஸ் பாக்க வர்றியா பெரி?" என்றான். "கேஸ்ல வர்றேன்" என்றேன். அவன் முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூண்டில் ஏறினேன். செபஸ்தியார் திருநாள், தட்டு, காபி, புகை, எல்லாவற்றையும் சொன்னேன். மிராசுதார் முன் பெஞ்சில் இருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் யாரோ என்று திரும்பிப் பார்த்தார். பிறகுதான் முகம் மாறியது.

அரசாங்க வக்கீல் கோட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"நீரும் எதிரி காத்தானும் ஒரே டீம். மருதங்கரை சாம்பியன். சரிதானே?"

"அப்படிச் சொல்லிக்கிறாங்க."

"கால் நூற்றாண்டு சிநேகம். கூட ஆடினவனைக் காப்பாத்தப் பொய் சொல்றீர்."

"நான் கூட ஆடலீங்க."

"என்னய்யா உளர்றீர்? ஊரே சொல்லுது. போன பிப்ரவரியில சால்வை வாங்கினீரே."

"வாங்கினேங்க. அது தப்புதாங்க. அந்தக் காலத்துல நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன். எலுமிச்சம்பழம் நறுக்கினேங்க."

கோர்ட்டு சிரித்தது. மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு, "சத்தியமா?" என்றார். சத்தியம் செய்துவிட்டுத்தானே ஏறியிருந்தேன். பின்னாலிருந்து ஹாஜா மைதீன் எழுந்து, யாரும் கேட்காமலேயே, "நெசம்தாங்க. ஒரு நிமிசம்கூட எறங்கினதில்ல" என்றான். அவனை அதட்டி உட்காரவைத்தார்கள். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. மருதங்கரையிலிருந்து வந்தவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்; நான் வளர்ந்ததைப் பார்த்தவர்கள்.

"அப்ப சிநேகம் இல்லாதவன் வீட்டுக்கு ஏன் போனீர்?"

"எங்க முதலாளி அழைக்கச் சொன்னாருங்க. அந்தா உக்காந்திருக்காரே, அவருதான்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பு நேற்று வந்தது. காத்தான் விடுதலை.

மில்லில் என் மேஜைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இப்போது ஹாஜா மைதீன் கடையில் துணி மடிக்கிறேன். பயல்கள் சிலர் கடைக்கு வெளியே நின்று "எலுமிச்சம்பழம்" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். சின்னவனிடம் இதை நீ சொல்ல வேண்டாம். தனியாக அவனுக்கு நானே எழுதியிருக்கிறேன், இதோடு இருக்கிறது.

காத்தான் என்ன சொன்னான் என்று நீ கேட்பாய். தீர்ப்பு முடிந்து எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். சங்கத்துக்காரர்கள் அவனுக்கு மாலை போட்டார்கள். ஐந்து மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான். அவர்கள் டீ குடிக்கப் போனபோது அவன் மட்டும் என் பக்கம் வந்தான். ராமாயி சற்றுத் தள்ளி நின்றாள். நன்றி சொல்வான் என்று நினைத்து, அப்படியெல்லாம் சொல்லாதே என்று சொல்வதற்கு நான் வாயைத் தயார் செய்துகொண்டேன்.

"கணக்கப்புள்ள, ஒண்ணு கேக்கணும். வக்கீலுங்க எல்லாத்தையும் கேட்டாங்க, இதக் கேக்கல. ரெண்டாவது பாதி ஆடயில உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

தலையை ஆட்டினான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

"சோடா குடிச்சிட்டுத் திரும்பி வந்தீங்கள்ல, அப்ப உங்க மொகத்தப் பாத்தேன். என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா என்னன்னு தெரியல. அதான் ரிங்குக்கு அடியில பந்த வச்சுக்கிட்டு நின்னேன். கூப்பிட்டா கிட்ட வருவீங்க, வந்தா காதுல சொல்லுவீங்கன்னு."

பஸ் வந்துவிட்டது. ராமாயி அவனைக் கூப்பிட்டாள். அவன் மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான்.

"வந்தீங்க. பந்த வாங்கிக் கூடையில போட்டுட்டீங்க."

அவர்கள் ஏறிப் போனார்கள். அந்த பஸ்ஸில் எனக்கும் இடம் இருந்தது. நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

அண்ணன்,
பெரியநாயகசாமி